முடிவை எழுதி வையுங்கள்: தொலைவிலுள்ள குழுக்களை நடத்தும் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் உள்ள மென்பொருள் சேவை நிறுவனங்களில் திட்டங்களை நடத்தும் மேலாளர்களுக்கும், அவர்களுக்கு மேலிருந்து டெலிவரிக்கு, அதாவது வேலையை முடித்து வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பதற்கு, பொறுப்பேற்கும் பிரிவுத் தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் 2012இல் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் எட்டு ஆண்டுகள் பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த அலுவலகத்துக்குக் கம்பெனி பேருந்தில் போய் வந்தேன். 2020 மார்ச் மாத ஊரடங்கின்போது மடிக்கணினியோடு தென்காசி மாவட்டத்திலுள்ள என் ஊருக்குத் திரும்பினேன். இன்றுவரை இங்கிருந்தே வேலை பார்க்கிறேன். இப்போது என் பொறுப்பில் பதினொரு பேர் இருக்கிறார்கள். நால்வர் சென்னை அலுவலகத்திலும், ஐவர் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களில் அவரவர் வீட்டிலும், இருவர் நியூ ஜெர்சியில் வாடிக்கையாளரின் இடத்திலும் இருக்கிறார்கள். உங்களில் பலருடைய குழுக்களும் இன்று இப்படித்தான் சிதறிக் கிடக்கின்றன என்பதை அறிவேன்.

வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லதா கெட்டதா என்ற பழைய வழக்கை மறுபடி எடுக்க நான் இதை எழுதவில்லை. அனைவரையும் அலுவலகத்துக்கு அழைப்பதும் அழைக்காததும் உங்கள் நிர்வாகத்தின் முடிவு. ஆனால் பாதிப் பேரை ஊரில் இருக்க அனுமதித்துவிட்டு, எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோலத் திட்டத்தை நடத்துவதால் நேரும் சேதத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. அந்தச் சேதத்தைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2019இல் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். சிகிச்சைக்குப் பிந்தைய செலவுகளுக்கு 60 நாள் வரம்பு. அந்த 60 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் குழப்பம் இருந்தது. தேவை ஆவணத்தில் மருத்துவமனையில் சேர்ந்த நாள் என்று இருந்தது. ஒரு வியாழக்கிழமை மாலை, வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் எங்கள் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, வீடு திரும்பிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்றார். அடுத்த பத்து நிமிடத்தில் கேன்டீனில் தேநீர்க் கோப்பையோடு நின்றபடி நாங்கள் நான்கு பேர் அதைப் பேசி முடித்தோம். மாற்ற வேண்டிய இடங்கள் எவை, எந்த அட்டவணையில் எந்தப் புலம் என்பதுவரை பேசினோம். யாரும் எதையும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. தெரிய வேண்டியவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம் என்று நினைத்தோம்.

தெரிய வேண்டிய ஐந்தாவது ஆள் அம்பாசமுத்திரத்தில் இருந்தார். மகப்பேறுக்குப் பிறகு தாய்வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சிறப்பு அனுமதி பெற்றிருந்த ஒரு தங்கை. அந்த 60 நாள் விதிக்கான நிரலை எழுதும் பொறுப்பு அவருடையது. பழைய ஆவணத்தை வைத்துக்கொண்டு, குழந்தை தூங்கும் நேரத்தையெல்லாம் வேலை நேரமாக்கி, பதினொரு வேலை நாட்கள் உழைத்து, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி முடித்துக் கொடுத்தார். வாடிக்கையாளருக்குச் செயல்விளக்கம் காட்டிய அன்று எல்லாக் கணக்கும் தப்பாக வந்தது. கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து, "அக்கா, எங்கிட்ட யாருமே சொல்லலையே" என்றார். அதில் குற்றச்சாட்டுகூட இல்லை. தானே எதையோ தவறவிட்டுவிட்டோமோ என்ற அச்சம்தான் இருந்தது. அந்த ஆண்டு அவருடைய அப்ரைசல் (ஆண்டுப் பணி மதிப்பீடு) படிவத்தில் "தகவல் தொடர்பில் முன்னேற்றம் தேவை" என்று ஒரு வரி ஏறியது. கேன்டீனில் நின்ற நால்வரில் எவருடைய படிவத்திலும் அப்படி ஒரு வரி இல்லை.

அடுத்த ஆண்டே நான் அவருடைய இடத்தில் இருந்தேன். என் ஊரிலிருந்து கணினித் திரைவழியே பார்க்கும்போதுதான், அலுவலகத்தில் எத்தனை முடிவுகள் நடைபாதையிலும் லிஃப்ட் வாசலிலும் எடுக்கப்படுகின்றன என்பது எனக்கு விளங்கியது. அங்கே இருப்பவர்களுக்கு அது முடிவாகவே தெரியாது. பேச்சுவாக்கில் தெளிந்த ஒரு விஷயம், அவ்வளவுதான். தொலைவில் இருப்பவருக்கோ எழுத்தில் வராத முடிவு எடுக்கப்படாத முடிவாகும். நான் உங்களிடம் கேட்பது அடிப்படையில் இந்த ஒன்றைத்தான்: உங்கள் திட்டத்தில் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவும், அது எங்கே யாரால் எடுக்கப்பட்டாலும், அன்றைக்கே குழு முழுவதும் பார்க்கும் ஓரிடத்தில் எழுதப்பட வேண்டும், எழுதப்படாதவரை அது செல்லாது என்று நீங்களே அறிவிக்க வேண்டும்.

எங்கள் குழுவில் இதற்கு முடிவுப் பதிவேடு என்று பெயர். பெரிய மென்பொருள் எதுவும் இல்லை. எல்லோரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடிய ஒரு பொதுக் கோப்புதான். என்ன முடிவு, ஏன், வேறு எந்த வழிகளை யோசித்துக் கைவிட்டோம், யார் யார் இருந்தார்கள், எந்தத் தேதியிலிருந்து நடைமுறை, எந்த டிக்கெட்டுகளை (தனித்தனி வேலைக் குறிப்புகளை) இது பாதிக்கும் என்று ஆறேழு வரிகள் எழுதினால் போதும். இதில் "ஏன்" என்ற வரியை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். என்ன என்பதை நிரலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஏன் என்பது எடுத்தவர் மனத்தில் மட்டும் இருக்கும், அவர் வேலை மாறிப் போகும்போது அதுவும் கூடவே போய்விடும். 1991இல் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலை, பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத ஆயிரக்கணக்கானோர் உலகெங்கிலும் இருந்து எழுதி வருகிறார்கள். அங்கே பெரும்பாலும் ஒவ்வொரு மாற்றமும் அது எதற்காகச் செய்யப்படுகிறது என்ற விளக்கத்தோடு மின்னஞ்சலில் வந்து, எல்லோரும் வாசிக்கும்படி விவாதிக்கப்பட்ட பிறகே சேர்கிறது. விளக்கம் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. இத்தனை ஆண்டுகள் அது நிலைத்திருப்பதற்கு இந்தப் பழக்கம் முக்கியமான காரணம் என்பது என் உறுதியான கருத்து.

எழுத நேரம் இல்லை என்பீர்கள். அந்தப் பதினொரு நாட்களை நினைத்துப் பார்க்கும்படி மட்டும் கேட்பேன். ஆனால் நேரத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது, அதை நாம் யாரும் வெளியே சொல்வதில்லை. நம் குழுக்களில் கூட்டம் முழுக்கத் தமிழில்தான் நடக்கிறது. கூட்டம் முடிந்ததும் சுருக்கம் எழுதச் சொன்னால் அமைதி ஆகிவிடுகிறது. தமிழ்வழியில் படித்து, மாவட்டத் தலைநகரின் பொறியியல் கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு நிரல் எழுத வரும், பிழை கண்டுபிடிக்க வரும். மேலாளர் பார்க்கும் இடத்தில் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் எழுதச் சொன்னால் கை நடுங்கும். எழுதினால் தப்பாகிவிடுமோ என்று எழுதாமலே இருந்துவிடுகிறார்கள். என் குழுவில் எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்பதால், உள்பதிவுகளைத் தமிழிலோ, பேசுவதுபோல ஆங்கிலச் சொல் கலந்தோ எழுதலாம் என்று வெளிப்படையாகச் சொன்னேன். வாடிக்கையாளருக்குப் போவதை மட்டும் ஒருவர் ஆங்கிலத்தில் செம்மைப்படுத்துவார். அதுவரை கூட்டங்களில் ஒரு சொல்லும் பேசாமல் இருந்த ஒரு தம்பி, "இந்த வழியில போனா ரெண்டு மாசத்துல டேட்டாபேஸ் தாங்காது, காரணம் கீழே" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதினார். அவர் சொன்னது சரியாக இருந்தது. தமிழ் தெரியாதவர்களும் இருக்கும் குழுவில் இது முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முடிகிற இடங்களிலாவது செய்யுங்கள்.

எழுதி வைப்பதோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. 1998 டிசம்பரில் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தைப் பற்றி உங்களில் பலர் படித்திருப்பீர்கள். கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் குழு கொலராடோவில் இருந்தது. அதை வழிநடத்திய, நாசாவின் ஜேபிஎல் ஆய்வகக் குழு கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் இருந்தது. உந்துவிசைக் கணக்கு நியூட்டன்-நொடி என்ற அலகில் வர வேண்டும் என்று இரு தரப்புக்கும் பொதுவான ஆவணத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஒரு தரப்பின் மென்பொருளோ பவுண்டு-நொடியில் அனுப்பிக்கொண்டிருந்தது. 4.45 மடங்கு வேறுபாடு. 1999 செப்டம்பர் 23 அன்று, சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்திருக்க வேண்டிய கலம் சுமார் 57 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயின் வளிமண்டலத்துக்குள் புகுந்து தொலைந்தது.

இதில் என்னை உலுக்கிய செய்தி அலகுக் குழப்பம் மட்டும் அன்று. பாதை சரியில்லை என்று வழிநடத்தும் குழுவில் சிலருக்கு முன்பே ஐயம் இருந்தது. அந்த ஐயம் முறைப்படி பதிவாகி, ஒருவர் பொறுப்பில் விடப்பட்டு, விடை கிடைக்கும்வரை துரத்தப்படவில்லை. ஒரே கட்டடத்தில் இருந்திருந்தால் யாராவது எழுந்து போய் எதிரே நின்று கேட்டிருக்கலாம். தொலைவு அந்தச் சிறிய வசதியை எடுத்துவிடுகிறது. ஆகவேதான், முடிவுகளைப் போலவே ஐயங்களுக்கும் பதிவில் இடம் வேண்டும் என்கிறேன். தூத்துக்குடியில் இருக்கும் சோதனையாளர் ஒருவர் "இது சரியா என்று தெரியவில்லை" என்று எழுதினால், அதற்குப் பொறுப்பாளர் யார், எந்த நாளுக்குள் விடை என்று நீங்கள் குறித்தாக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் கேட்ட கேள்வி பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடும்.

அடுத்து நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி, நவம்பர் முதல் ஞாயிறு அன்று திரும்ப வைக்கிறார்கள். பிரிட்டனில் அதே மாற்றம் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் நடக்கிறது. நமக்கு இந்த வழக்கம் இல்லை. ஆகவே நியூயார்க் நேரம் காலை 9 மணிக்கு வைத்த கூட்டம் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30, மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்களும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் லண்டன்காரர்களுக்கும் கணக்குத் தப்பும். இது ஆண்டுதோறும் நாள் தவறாமல் வரும் ஒன்று, இருந்தும் ஒவ்வொரு நவம்பரிலும் யாரோ ஒருவர் காலியான கூட்ட அறையில் ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்.

இதைவிட முக்கியம், அந்த நேரத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்பது. கலிஃபோர்னியாவின் காலை 9 மணி குளிர்காலத்தில் நமக்கு இரவு 10.30. வாரத்தில் ஐந்து நாளும் அந்த நேரத்துக்கு உட்காரும் பெண்ணின் வீட்டில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று எந்த மேலாளராவது கேட்டிருக்கிறீர்களா? தினமும் இரவுக் கூட்டத்தில் இருப்பவரிடம் மறுநாள் காலை 10 மணி ஸ்டாண்ட்-அப் என்ற அன்றாடக் குறுங்கூட்டத்தில் ஏன் கேமராவை அணைத்து வைத்திருக்கிறாய் என்று கேட்பதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது பெரும்பாலும் கேட்டுப் பார்க்காத பதில். எங்கள் வாடிக்கையாளரிடம் கேட்டோம். இரண்டு வாரம் நம் இரவு, இரண்டு வாரம் அவர்கள் மாலை என்று மாற்றிக்கொள்ள அவர்கள் உடனே சம்மதித்தார்கள். அதன் பிறகு பதிவேடு நன்றாக இருந்ததால் வாரத்தில் ஐந்து கூட்டம் என்பது இரண்டாகக் குறைந்தது. மற்ற நாட்களில் அவர்கள் தூங்கும்போது நாங்கள் எழுதி வைக்கிறோம், நாங்கள் தூங்கும்போது அவர்கள் விடை எழுதுகிறார்கள்.

இனி 2023 டிசம்பரைச் சொல்லியாக வேண்டும். அந்த மாதம் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, அலுவலகத்தில் இருந்த நம் சகாக்கள் நாள்கணக்கில் மின்சாரமும் இணையமும் இல்லாமல் தவித்தார்கள். தென்மாவட்டங்களில் இருந்தவர்கள் அவர்கள் வேலையையும் சேர்த்துத் தாங்கினார்கள். இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 17, 18 தேதிகளில் மழை இந்தப் பக்கம் கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை கடந்தது, கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன, ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் துண்டிக்கப்பட்டன. எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் சோதனைக்குப் பொறுப்பானவர் ஏரலை ஒட்டிய ஊர்க்காரர். நான்கு நாள் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வயதான பெற்றோரோடு பக்கத்து வீட்டு மாடியில் இருந்திருக்கிறார். வருகைப் பதிவு அந்த நான்கு நாளையும் முன்னறிவிப்பு இல்லாத விடுப்பு என்று தானாகவே குறித்தது. அதைத் திருத்த அவர் மூன்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. எந்த நிறுவனத்திலும் நடந்திருக்கக்கூடியது அது.

திட்டத்துக்கு நேர்ந்த பாதிப்பையும் சொல்கிறேன். சென்னை மூழ்கியபோது வேலை நிற்கவில்லை. தெற்கு மூழ்கியபோது நின்றது. காரணம், தெற்கிலிருந்த அந்த ஒருவருக்கு மட்டுமே எந்தச் சோதனை எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று தெரிந்திருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று யாரும் எழுதி வாங்கி வைக்கவில்லை. தொலைவில் உள்ள ஒவ்வொருவரும் நான்கு நாள் காணாமல் போனால் என்ன ஆகும் என்று திட்டத்தின் தொடக்கத்திலேயே கேட்டுப் பாருங்கள். வெள்ளம்தான் வர வேண்டும் என்பதில்லை. எங்கள் பக்கத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து பிற்பகல்வரை மின்சாரம் நிறுத்தும் நாள் முந்தைய நாளே நாளிதழில் வந்துவிடும். இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. என் குழுவில் ஒருவர் ஒவ்வொருவரின் பகுதிக்கும் உரிய மின்தடை நாளைத் திட்ட நாட்காட்டியில் குறிக்கிறார். மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் நாளில் அது வந்தால் பொறுப்பை முன்கூட்டியே கைமாற்றிக்கொள்கிறோம்.

இத்தனை செய்ய வேண்டியிருக்க, பல நிறுவனங்கள் தங்கள் அக்கறையையெல்லாம் கொட்டியிருப்பது கண்காணிப்பில். நாம் கணினியில் இருப்பதைக் காட்டப் பெயருக்கு அருகில் எரியும் அந்தப் பச்சைப் புள்ளி மஞ்சளானால் ஐந்து நிமிடத்தில் அழைப்பு வருகிறது. திரையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கும் மென்பொருள்கள் நிறுவப்படுகின்றன. சுட்டியைத் தானாக அசைத்துக்கொண்டே இருக்கும் சிறு கருவிகள் இணையக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன என்பது உங்களுக்கும் தெரியும். நீங்கள் அளப்பது எதுவோ அதைத்தான் ஆட்கள் உங்களுக்குச் செய்து காட்டுவார்கள். ஒரு சிக்கலான பிழையைப் பற்றிக் கொல்லைப்புறத்தில் நடந்துகொண்டே முக்கால் மணி நேரம் யோசித்துவிட்டு வந்து மூன்று வரியில் சரிசெய்தவரின் புள்ளி அந்த நேரம் முழுக்க மஞ்சளாகத்தான் இருந்திருக்கும். வேலை நடக்கிறதா என்று அறிய முடிவுப் பதிவேட்டையும் முடிந்த டிக்கெட்டுகளையும் வாசியுங்கள். வாசிக்க நேரமில்லாத மேலாளருக்குத்தான் புள்ளியின் நிறம் தேவைப்படுகிறது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பற்றி மட்டும் என் கருத்து சற்று வேறுபடுகிறது. கல்லூரி முடித்து நேரே வீட்டிலிருந்து வேலையைத் தொடங்குபவருக்கு எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதே தெரியாது; பக்கத்து இருக்கையில் மூத்தவர் பிழை தேடுவதைப் பார்த்துக் கற்ற வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைப்பதில்லை. முதல் மூன்று மாதமாவது அவர்களை ஒரு மூத்தவரோடு ஒரே இடத்தில் வையுங்கள். சென்னையிலேதான் வைக்க வேண்டும் என்பதில்லை, திருநெல்வேலியில் நான்கு நாற்காலி உள்ள ஒரு அறை போதும். அதற்கும் வழியில்லை என்றால் தினம் ஒரு மணி நேரம் திரையைப் பகிர்ந்து கூட உட்கார ஒரு மூத்தவரை நியமியுங்கள், அந்த ஒரு மணி நேரத்தை அந்த மூத்தவரின் வேலைக் கணக்கில் சேருங்கள்.

இந்த மடலைப் படிக்கும் ஒவ்வொரு மேலாளரிடமும் ஒரு குறிப்பிட்ட வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த அப்ரைசல் தொடங்குமுன், உங்கள் குழுவில் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களின் கடந்த ஆண்டுப் படிவங்களை எடுத்துப் பாருங்கள். "தகவல் தொடர்பில் முன்னேற்றம் தேவை" என்ற வரியோ அதைப் போன்ற ஒன்றோ இருந்தால், அது எந்தச் சம்பவத்தால் எழுதப்பட்டது என்று கண்டுபிடியுங்கள். அந்தச் சம்பவத்தில் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டியது எழுத்தில் தெரிவிக்கப்பட்டதா என்று பாருங்கள். தெரிவிக்கப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றால், அந்த வரியை மனிதவளப் பிரிவுக்கு எழுதி நீக்குங்கள், நீக்கியதை அவருக்கும் சொல்லுங்கள். அம்பாசமுத்திரத்துத் தங்கையின் படிவத்தில் இருந்த வரியை நீக்கக் கேட்டு நான் கடிதம் எழுதியபோது அவர் அந்த நிறுவனத்தை விட்டுப் போயிருந்தார்.

இப்படிக்கு,
தென்காசி மாவட்டத்திலிருந்து
ஒரு திட்டத் தலைவி